கூகுளில் மேலே வர எந்த ஹோஸ்டிங் வாங்குவது? கடலூர் முந்திரிக் கடைக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்து பண்ருட்டி முந்திரியை ஆன்லைனில் விற்கிறீர்கள். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்த சைட், நாற்பது பொருட்கள். வாங்குபவர்கள் பெரும்பாலும் சென்னை, பெங்களூர். சைட் மெதுவாகத் திறக்கிறது, கூகுளிலும் மேலே வரவில்லை. மூன்று வருடத்துக்கு 18,000 ரூபாய் கட்டினால் 'எஸ்.இ.ஓ. ஹோஸ்டிங்' தருகிறோம், ரேங்க் தானாக ஏறும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். (ஹோஸ்டிங் என்றால் சைட்டை வைத்திருக்கும் சர்வர் என்ற கணினியில் வாடகை இடம், எஸ்.இ.ஓ. என்றால் தேடலில் மேலே வரச் செய்யும் வேலை, ரேங்க் என்றால் தேடலில் கிடைக்கும் இடம்.) கட்டலாமா, இல்லையென்றால் எதைப் பார்த்து ஹோஸ்டிங் எடுப்பது?

கட்டாதீர்கள். 2010-லிருந்து புதுச்சேரியில் உட்கார்ந்து, புதுச்சேரி, கடலூர் ஆகிய இரண்டு ஊர்க் கடைகளுக்கும் சைட் செய்து கொடுத்து வருகிறேன். ஹோஸ்டிங் மாற்றியதால் மட்டும் முதல் பக்கத்துக்கு வந்த கடை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. மோசமான ஹோஸ்டிங்கால் இருந்த இடத்தையும் இழந்த கடைகளைப் பார்த்திருக்கிறேன். எனவே ஹோஸ்டிங்கிடம் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வாடிக்கையாளர் வந்தாலும் கூகுள் வந்தாலும் தாமதம் இல்லாமல் கதவைத் திறக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் ரேங்க்கைத் தீர்மானிக்கும், அது உங்கள் வேலை.

'எஸ்.இ.ஓ. ஹோஸ்டிங்' என்ற பெயரில் விற்கப்படுவது பல இடங்களில் ஒரே பொருள்தான். வேறு வேறு ஐ.பி. முகவரிகளை, அதாவது இணையத்தில் சர்வரை அடையாளம் காட்டும் எண்களை, கொடுப்பார்கள். ஒரே ஆள் பத்துப் பதினைந்து சைட் வைத்து ஒன்றுக்கொன்று லிங்க் கொடுத்துக்கொள்ளும்போது, அவை வெவ்வேறு ஆட்களுடையவை போலத் தோன்றுவதற்காக. ரேங்க்கை ஏற்றுவதற்காக இப்படி லிங்க் கட்டுவதை ஸ்பேம் என்றே கூகுள் தன் விதிகளில் எழுதி வைத்திருக்கிறது. ஒரே ஒரு முந்திரிக் கடை வைத்திருக்கும் உங்களுக்கு அது எதற்கு? தனி ஐ.பி. வாங்கினால் ரேங்க் ஏறும் என்பதும் பழைய நம்பிக்கைதான். ஒரே ஐ.பி.யில் நூற்றுக்கணக்கான சைட்கள் இருப்பது மிகச் சாதாரணம், அதற்காக யாரையும் கூகுள் தண்டிப்பதில்லை.

சரி, வேகத்துக்கு வருவோம். சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்பதில் தொடங்கலாம். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கேட்க வேகமாகத் தெரிந்தாலும், சென்னையிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பக் கால் வினாடிக்கு அருகில் ஆகிவிடுகிறது. ஒரு பக்கத்தின் முதல் எழுத்து வந்து சேர்வதற்கு முன்னால் போனும் சர்வரும் வழக்கமாக மூன்று முறை பேசிக்கொள்ள வேண்டும்: இணைப்பு ஏற்படுத்த ஒரு முறை, பாதுகாப்புச் சாவி மாற்றிக்கொள்ள ஒரு முறை, பக்கத்தைக் கேட்க ஒரு முறை. மூன்று கால் வினாடி, முக்கால் வினாடி. முதல் பைட் 0.8 வினாடிக்குள் வருவது நல்லது என்று கூகுளின் வழிகாட்டுதல் சொல்கிறது. சர்வர் அமெரிக்காவில் இருந்தால் அந்த நேரம் அநேகமாகப் பயணத்திலேயே கரைந்துவிடும். சர்வர் தன் வேலையைச் செய்ய மிச்சமே இல்லை. மும்பையிலோ பெங்களூரிலோ இருந்தால் அந்தப் பயணம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கும். அமேசான் மும்பையில் தரவு மையம் திறந்து 2016-லிருந்து ஓடுகிறது. சர்வர் வாடகைக்குத் தரும் டிஜிட்டல் ஓஷனும் அதே வருடம் பெங்களூருக்கு வந்தது. மைக்ரோசாஃப்டின் தென்னிந்திய மையம் சென்னையிலேயே இருக்கிறது. ஆகவே இந்திய சர்வர் கேட்பது இன்று பெரிய வேண்டுகோள் இல்லை. பிரச்சினை என்னவென்றால், விலை குறைந்த திட்டங்களில் நாம் கேட்காவிட்டால் எங்கோ ஒரு மூலையில் போட்டுவிடுவார்கள். பணம் கட்டும் பக்கத்தில் தரவு மையம் எது என்ற தேர்வு இருக்கும். அதைக் கவனித்து இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். பிறகு மாற்றச் சொன்னால் சிலர் தனியாகப் பணம் கேட்பார்கள்.

இந்த இடத்தில் விவரம் தெரிந்தவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். சைட்களைப் படித்துப் பட்டியலிடக் கூகுள் அனுப்பும் கூகுள்பாட் என்ற நிரல் பெரும்பாலும் அமெரிக்க முகவரிகளிலிருந்துதானே வருகிறது, அப்படியென்றால் அமெரிக்க சர்வர்தானே நல்லது? இல்லை. ரேங்க்குக்காகக் கூகுள் பார்க்கும் வேகம், அதன் பாட் அனுபவித்த வேகம் இல்லை. உங்கள் சைட்டைக் குரோமில் திறந்த நிஜ மனிதர்களின் போன்களிலிருந்து, கடைசி 28 நாட்களுக்கு எடுத்த கணக்கு அது. நான்கு வருகைகளில் மூன்றிலாவது பக்கத்தின் பெரிய படமோ பெரிய எழுத்துப் பகுதியோ 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது அளவுகோல். 2021-ல் ரேங்க் கணக்கில் சேர்த்தார்கள். தாம்பரத்தில் பேருந்தில் உட்கார்ந்து உங்கள் சைட்டைத் திறப்பவரின் போன்தான் இங்கே சாட்சி.

புதுச்சேரி வெள்ளை நகரத்தில் விருந்தினர் இல்லம் நடத்தும் ஒருவருக்கு நான் இதற்கு நேர்மாறாகச் சொன்னேன். அவருடைய முன்பதிவுகள் பிரான்ஸிலிருந்து வருபவை. சைட்டும் பிரெஞ்சு மொழியில்தான். சர்வர் ஐரோப்பாவில் இருந்தது, அங்கேயே இருக்கட்டும் என்றேன். உங்கள் ஊர் எது என்பதைவிட வாங்குபவர் எங்கே இருக்கிறார் என்பதுதான் கணக்கு. இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்தால் சி.டி.என். போடலாம், அதாவது சைட்டின் பிரதிகளை உலகின் பல ஊர்களில் வைத்து அருகில் இருப்பதிலிருந்து கொடுக்கும் ஏற்பாடு. கிளவுட்ஃபிளேரில் இலவசத் திட்டம் உண்டு. அவர்களுக்குச் சென்னையிலும் ஒரு மையம் இருக்கிறது. ஆனால் அமைப்பை மாற்றாமல் விட்டால் அது படங்களையும் ஸ்டைல் கோப்புகளையும்தான் பிரதி எடுத்து வைக்கும். பக்கத்தின் எலும்புக்கூடான எச்.டி.எம்.எல். கோப்பு ஒவ்வொரு முறையும் உங்கள் சர்வரிலிருந்தே வரும். மெதுவான சர்வரை சி.டி.என். முழுதாக மறைத்துவிடாது.

உங்களுக்கு உண்மையில் வலி கொடுப்பது தூரம் இல்லை என்று நினைக்கிறேன். கடை சைட் என்பது வலைப்பூ போல இல்லை. வலைப்பூவில் ஒரு பக்கத்தை ஒரு முறை தயாரித்து வைத்துவிட்டு ஆயிரம் பேருக்கும் அதையே கொடுக்கலாம். அதைத்தான் கேச் என்கிறோம். ஆனால் கூடையில் பொருள் போட்ட ஒருவருக்கும், பணம் கட்டும் பக்கத்தில் நிற்கும் ஒருவருக்கும் தயார்ப் பிரதியைக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு முறையும் சர்வர், சைட்டின் விவரங்கள் சேமித்திருக்கும் டேட்டாபேஸைக் கேட்டுப் புதிதாகச் செய்து கொடுக்க வேண்டும். பகிர்வு ஹோஸ்டிங்கில் ஒரே கணினியை நூற்றுக்கணக்கானோர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். உங்களுக்கு என்று ஒரு சிறு பங்கு. 'அன்லிமிடெட்' என்று பெரிதாகப் போட்டிருப்பது இடத்துக்கும் டேட்டாவுக்கும்தான். ஒரே நேரத்தில் எத்தனை வேலை ஓடலாம், எவ்வளவு பிராசஸர், எவ்வளவு நினைவகம் என்பதற்கெல்லாம் வரம்பு உண்டு. தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் நீங்கள் வாட்ஸ்அப்பில் சலுகை விலை அனுப்புகிறீர்கள், ஐந்து நிமிடத்தில் முந்நூறு பேர் உள்ளே வருகிறார்கள். வரம்பு நிரம்பிவிடும், வந்தவர்களுக்கு 503 அல்லது 508 என்ற பிழைப் பக்கம்தான் தெரியும். வருடம் முழுவதும் காத்திருந்த வியாபாரம் அந்த ஒரு மணி நேரத்தில் போய்விடும். எனவே திட்டம் வாங்குமுன் சப்போர்ட்டில் கேளுங்கள்: என் கணக்குக்கு எத்தனை பிராசஸர் கோர், எவ்வளவு ரேம், ஒரே சமயத்தில் எத்தனை பி.எச்.பி. (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி) வேலை? எண்களில் பதில் சொல்பவரிடம் வாங்குங்கள். சர்வரிலேயே கேச் வசதி இருக்கிறதா, பி.எச்.பி.யின் புதிய பதிப்பு கிடைக்குமா என்பதையும் கூடவே கேட்டுவிடுங்கள்.

தமிழில் எழுதும் சைட்டுக்கு என்று சில விஷயங்கள் இருக்கின்றன. ஹோஸ்டிங் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் இவை வராது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் என்றால், யூனிகோடில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'மு' என்பது 'ம'வும் உகரக் குறியுமாக இரண்டு குறியீடு, ஆறு பைட். ஆகவே அதே நீளமுள்ள பொருள் விவரம் தமிழில் கனமாக இருக்கும். சர்வர் ஜிஸிப் அல்லது பிராட்லி முறையில் சுருக்கி அனுப்பினால் அந்தக் கனம் பெருமளவு குறைந்துவிடும், ஏனென்றால் தமிழ்க் குறியீடுகளின் முன்பகுதி திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருவது, அது நன்றாகச் சுருங்கும். இந்தச் சுருக்கம் இயக்கப்படாத சர்வர்களை இன்றும் பார்க்கிறேன். அடுத்து டேட்டாபேஸ். ஹோஸ்டிங் மாற்றிவிட்டுத் திறந்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாக நிற்கும் விபத்து எத்தனையோ பேருக்கு நடந்திருக்கிறது. பழைய இடத்தில் ஒரு எழுத்துக் குறியீடு, புதிய இடத்தில் இன்னொன்று. இரண்டு பக்கமும் தமிழைத் தாங்கும் யு.டி.எஃப்.-8 வகையா என்று பார்த்த பிறகே நகர்த்தச் சொல்லுங்கள். கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டுவிட்டால் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

இதோடு சேர்த்து இன்னொன்று, ஹோஸ்டிங்குக்குச் சற்று வெளியே. வேர்ட்பிரஸில் தலைப்பைத் தமிழில் எழுதினால் பக்கத்தின் முகவரியும் தமிழிலேயே உருவாகும். உள்ளே அது சதவீதக் குறிகளாக மாறிச் சேமிக்கப்படுகிறது, தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு ஒன்பது எழுத்து இடம். அந்த முகவரிக்கு மொத்த இடமே 200 எழுத்துதான். 'பண்ருட்டி முந்திரி' என்ற இரண்டு சொற்களே 154-ஐத் தின்றுவிடுகின்றன. மூன்றாவதாகப் 'பருப்பு' சேர்த்தால் வால் அறுந்துவிடும். ஒரே மாதிரித் தொடங்கும் நாற்பது பொருட்களுக்கு அறுந்த முகவரிகளும் பின்னால் 2, 3 என்ற எண்களுமாக நிற்பதை உங்கள் சைட்டில் பார்த்தேன். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக நீங்களே கொடுங்கள். ஏற்கெனவே இருக்கும் பக்கங்களுக்கு மாற்றும்போது பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 வகை நிரந்தரத் திருப்பம் போட மறக்காதீர்கள்.

அப்புறம், சைட் நிற்காமல் ஓடுவது. நம் கரைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. அப்போது கடலூரில் ஒரு நிறுவனம் தன் அலுவலகக் கணினியிலேயே சைட்டை வைத்திருந்தது. சர்வர் வாடகை மிச்சம் என்று அவர்கள் நினைத்தார்கள், நானும் பலமாக மறுக்கவில்லை. மின்சாரம் பல நாள் வரவில்லை. வந்தபோது தேடினால் அவர்கள் பக்கங்கள் ஒவ்வொன்றாகக் கூகுளிலிருந்து காணாமல் போயிருந்தன. சர்வர் பிழை தரும்போது கூகுள்பாட் முதலில் வருகையைக் குறைக்கும். சில நாட்கள் அப்படியே தொடர்ந்தால் அந்த முகவரிகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். ஒரு மணி நேரம் நின்றால் பெரிய இழப்பில்லை, திரும்ப வந்து பார்க்கும். மீண்டும் மீண்டும் நிற்பதும், நாள்கணக்கில் நிற்பதும்தான் ஆபத்து. விளம்பரத்தில் வரும் 99.9 சதவீதம் என்பது வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் நிற்கலாம் என்று அர்த்தம். அதை மீறினாலும் பெரும்பாலும் கிடைப்பது அடுத்த பில்லில் சிறு கழிவு மட்டும்தான்.

நிற்காமலே நின்ற கதையும் ஒன்று உண்டு. நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சைட், எல்லோருக்கும் நன்றாகத் திறந்தது. ஆனால் தேடலில் வாரா வாரம் சரிந்தது. மூன்று வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்: ஹோஸ்டிங் நிறுவனம் புதிதாகப் போட்ட பாதுகாப்புச் சுவர் கூகுள்பாட்டைத் தாக்குதல் என்று நினைத்து வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. மனிதர் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. அதனால் சைட் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல் கருவியில், அமைப்புகள் பகுதிக்குள் இருக்கும் கிரால் (பாட் சைட்டைப் படிப்பது) புள்ளிவிவர அறிக்கையை மாதம் ஒரு முறையாவது திறந்து பாருங்கள். சர்வரை அடைய முடிந்ததா, டொமைன் பெயர் (சைட்டின் பெயர் முகவரி) சரியாகக் கிடைத்ததா, எதைப் படிக்கலாம் என்று பாட்டுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பைப் படிக்க முடிந்ததா, சராசரியாக எத்தனை மில்லி வினாடியில் பதில் வந்தது என்று கூகுளே சொல்கிறது. ரோபோட்ஸ் கோப்பு இல்லை என்றால் பரவாயில்லை. அதைக் கேட்டதற்கு 500 வகைப் பிழை வந்தால் சைட் முழுவதையும் படிப்பதைக் கூகுள் முதலில் நிறுத்திவைத்துவிடும். உங்கள் ஹோஸ்டிங் எப்படி என்று அறிய இதைவிட நல்ல இலவசக் கருவி எனக்குத் தெரியாது. இப்போதைய சைட்டுக்கே இதை முதலில் பாருங்கள்.

சைட்டுக்கும் வாங்குபவருக்கும் இடையே போகும் தகவலைப் பூட்டி அனுப்ப உதவும் எஸ்.எஸ்.எல். சான்றிதழுக்குத் தனிப் பணம் கேட்டால் வேறு இடம் பாருங்கள். அந்தச் சான்றிதழால் கிடைக்கும் எச்.டி.டி.பி.எஸ். என்ற பாதுகாப்பான இணைப்பை 2014-லேயே கூகுள் ஒரு சிறு ரேங்க் காரணியாக அறிவித்துவிட்டது. 2018 ஜூலையிலிருந்து அது இல்லாத சைட்களைக் குரோம் 'பாதுகாப்பற்றது' என்று காட்டுகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு சான்றிதழை இலவசமாகத் தருகிறது. கடைக்கு அது போதும், தானாகப் புதுப்பித்துக்கொள்கிறதா என்று மட்டும் உறுதி செய்யுங்கள்.

இனி மனசுக்கு மிக நெருக்கமான விஷயம். டொமைன் யார் பெயரில் இருக்கிறது? இந்த இரண்டு ஊரிலும் நான் பார்த்த பெரிய நஷ்டங்கள் ரேங்க்கால் வந்தவை இல்லை. சைட் செய்து கொடுத்தவர் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் டொமைனைப் பதிவு செய்திருப்பார். இரண்டு வருடம் கழித்து அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், போன் எடுக்க மாட்டார். கடைக்காரர் அதுவரை சம்பாதித்த லிங்க், பெயர், ரேங்க் எல்லாம் அந்த டொமைனில்தான் இருக்கும். அது கையைவிட்டுப் போனால் எந்த ஹோஸ்டிங்காலும் மீட்க முடியாது. டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், ஹோஸ்டிங் வாங்கும் இடத்திலிருந்து தனியாக வேறு இடத்தில் பதிவு செய்யுங்கள். ஏற்கெனவே வேறொருவர் பெயரில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே மாற்றி வாங்கிவிடுங்கள். பேக்கப்பும் அப்படித்தான். ஹோஸ்டிங்காரர் தினமும் எடுப்பார், நல்லது. அதை நீங்களே ஒரு சொடுக்கில் இறக்கிக்கொள்ள முடிகிறதா? மாதம் ஒரு பிரதியாவது உங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும்.

விலையைப் பார்க்கும்போது முதல் விலையைப் பார்க்காதீர்கள், ரினீவல் விலையைப் பாருங்கள். சிறிய எழுத்தில்தான் இருக்கும், முதல் விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு இருப்பது வழக்கம். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும். கடைக்கு ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அந்த எண்ணைக் கொடுத்து முறையான பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் அளவுக்கு என்ன வகை? இலவச ஹோஸ்டிங் வேண்டாம், கடைக்கு ஆகாது. மிக மலிவான பகிர்வுத் திட்டமும் வேண்டாம், தீபாவளிக் கதை சொன்னேன் அல்லவா. தனி வி.பி.எஸ்., அதாவது உங்களுக்கென்று ஒதுக்கிய சர்வர் பங்கு, எடுத்து நீங்களே நிர்வகிப்பது, லினக்ஸ் தெரிந்தவர் கூடவே இருந்தால் மட்டும் சரி. அப்டேட் போடாமல் விட்ட வி.பி.எஸ். சீக்கிரமே யாரோ ஒருவருடைய சூதாட்ட விளம்பரப் பக்கமாகிவிடும், கூகுள் அதையும் உங்கள் பெயரிலேயே எழுதிக்கொள்ளும். உங்களுக்கு நான் சொல்வது, இந்திய சர்வரில், நிர்வாகத்தை அவர்களே பார்த்துக்கொள்ளும் சிறிய வேர்ட்பிரஸ் திட்டம், அல்லது பிராசஸர், ரேம் அளவை எண்ணில் எழுதித் தரும் சற்று உயர்ந்த பகிர்வுத் திட்டம். மூன்று வருடம் வேண்டாம், ஒரு மாதமோ ஒரு வருடமோ. பணம் திரும்பத் தரும் காலத்துக்குள் சோதித்துவிடுங்கள். சைட்டின் பிரதி ஒன்றை அங்கே போட்டு, தேடலில் வராதபடி அமைத்துவிட்டு, வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் இரவு எட்டு மணிக்குத் திறந்து பாருங்கள். எட்டு மணிதான் எல்லோரும் ஆன்லைனில் இருக்கும் நேரம். பெங்களூரில் இருக்கும் உறவினரையும் திறக்கச் சொல்லுங்கள். கூகுளின் வேகச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைக் கொடுத்து, சர்வர் பதில் நேரத்தைப் பழையதோடு ஒப்பிடுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தால் எந்த விளம்பரமும் சொல்லாதது தெரிந்துவிடும். இடையில் சப்போர்ட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு கேள்வி அனுப்பிப் பாருங்கள், பதில் எப்போது வருகிறது என்று.

மிஞ்சும் பணத்தைப் படங்களுக்குப் போடுங்கள். உங்கள் முகப்புப் படம் போனில் எடுத்தபடியே நான்கு எம்.பி.க்கு மேல் இருக்கிறது. அதைக் குறைக்காமல் எந்த சர்வரில் வைத்தாலும் 2.5 வினாடியைத் தொட முடியாது. ஒவ்வொரு தரத்துக்கும் அது முழுப் பருப்பா, இரண்டாகப் பிளந்ததா, துண்டா, எதற்குப் பயன்படும், எவ்வளவு நாள் கெடாமல் இருக்கும் என்று நீங்கள் கடையில் வாயால் சொல்வதை அப்படியே எழுதுங்கள். பெங்களூரில் ஒருவர் தேடுவது அதைத்தான். உங்கள் பொருள் பக்கங்களில் இப்போது விலையும் எடையும் மட்டும் இருக்கின்றன.

மாற்றும் நாளைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். தீபாவளி நெருக்கத்தில் மாற்றாதீர்கள், பண்டிகை ஆர்டர் எல்லாம் அனுப்பி முடித்த பிறகு மாற்றுங்கள். இரண்டு நாள் முன்னதாகவே டொமைன் பெயரைச் சர்வருடன் இணைக்கும் டி.என்.எஸ். அமைப்பில், பழைய விவரத்தை மற்றவர்கள் எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று சொல்லும் டி.டி.எல். என்ற நேரத்தை ஐந்து நிமிடமாகக் குறைத்துவிட்டால் மாற்றம் சீக்கிரம் பரவும். இரவில், ஆர்டர் வராத நேரத்தில் கடையைப் பராமரிப்பு நிலையில் போட்டு, கடைசிப் பேக்கப் எடுத்து, புதிய இடத்தில் ஏற்றி, ஒரு சோதனை ஆர்டர் போட்டுப் பணம் வருகிறதா என்று பார்த்துவிட்டு டி.என்.எஸ்.ஸைத் திருப்புங்கள். சோதனைக்காகப் போட்ட 'தேடலில் வராதே' அமைப்பை எடுத்துவிட்டீர்களா என்று அன்றே பாருங்கள், மாற்றும் அவசரத்தில் பலரும் மறப்பது இதைத்தான். பழைய ஹோஸ்டிங்கை உடனே மூடாதீர்கள். இரண்டு வாரம் ஓடட்டும். கிரால் அறிக்கையில் பிழை எதுவும் இல்லை, பழைய சர்வர் பதிவேட்டில் கூகுள்பாட் வருவது நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகு மூடுங்கள்.